உஷார்! வாராவாரம் கவுன்சலிங் போகிறீர்கள்... குணமாகிறீர்களா?

வாராவாரம் போகிறீர்கள். ஃபீஸ் கட்டுகிறீர்கள். பேசுகிறீர்கள், அழுகிறீர்கள். வெளியே வரும்போது நெஞ்சு லேசாக இருக்கிறது. மறுநாள் விடிந்தால் அதே பாரம், அதே பயம். மாசக்கணக்கில் இப்படியே ஓடுகிறது. ‘இத்தனை பேசியும் சரியாகலையே, நம்மகிட்டதான் ஏதோ கோளாறு’ என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள்.

கொஞ்சம் நில்லுங்கள்!

பலன் தராத கவுன்சலிங்கால் காசு மட்டும் போவதில்லை. நோய் முற்றிவிடும். சரியான சிகிச்சை கிடைக்க வேண்டிய காலம் கைநழுவிப் போகும். கடைசியில், ‘இதெல்லாம் ஏமாத்து வேலை’ என்று சிகிச்சையையே வெறுத்து வீட்டில் முடங்கிவிடுவோம். அந்தக் கட்டம்தான் உயிருக்கு உலை வைக்கிறது.

பல்வலிக்குப் பார்த்த டாக்டரிடம் நாலு நாளில் வலி குறையாவிட்டால் ஐந்தாம் நாள் வேறு டாக்டரைத் தேடுகிறோம். மனசு விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்கில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். கேட்கக் கூச்சம். ‘இவ்வளவு அன்பா பேசுறாங்களே, எப்படி விட்டுட்டுப் போறது’ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு ஒரு பெண் என்ன விலை கொடுத்தாள் என்று கேளுங்கள்.

கொங்குப் பக்கத்துப் பெண். அவளுடைய அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்ற தாய்மார்களுக்குத் தெரியட்டும் என்று அவளே சம்மதித்திருக்கிறாள். ஊரும் பேரும் வேண்டாம்.

தலைப்பிரசவம். குழந்தைக்கு இரண்டாவது மாசம். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒரு எண்ணம்: ‘இந்தக் கத்தியால குழந்தையைக் குத்திட்டா?’ ஆடிப்போய்விட்டாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அன்றிலிருந்து அந்த எண்ணம் அவளை விடவில்லை. குளிப்பாட்டினால் தண்ணீரைப் பார்த்துப் பயம். மாடிக்குப் போனால் கைப்பிடிச்சுவரைப் பார்த்துப் பயம். உயிராக நினைக்கிற குழந்தையைப் பற்றி இப்படியா தோன்றும் என்று அவள் மேல் அவளுக்கே அருவருப்பு. யாரிடம் போய்ச் சொல்வாள்?

வீட்டுக்காரர் தங்கமான மனிதர். விஷயம் தெரிந்ததும் திட்டவில்லை. டவுனுக்குக் கூட்டிப்போனார். மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதினார். பேசுவதற்கு ஒரு கவுன்சலர். அந்த அம்மாவும் நல்லவர்தான். ‘நீங்க நல்ல அம்மா. உங்களால அப்படிச் செய்யவே முடியாது’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்வார். இவளுக்குப் போன உயிர் திரும்பி வரும். அன்று ராத்திரி தூங்குவாள். மறுநாள் மத்தியானத்துக்குள் சந்தேகம் தலைதூக்கும். ‘ஒருவேளை செஞ்சுட்டா?’ வாட்ஸ்அப்பில் கேட்பாள். அவரும் பொறுமையாகப் பதில் போடுவார். முதலில் வாரத்துக்கு ஒரு மெசேஜ். பிறகு தினமும். பிறகு ராத்திரி பதினோரு மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும்.

பத்து மாசம் இப்படியே போனது!

அதற்குள் அந்த வீட்டில் கத்தியும் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டன. குழந்தையோடு தனியாக இருக்க மாட்டேன் என்றாள். குளிப்பாட்டுவது மாமியார், சோறூட்டுவது மாமியார், தூங்கவைப்பதும் மாமியார். பேச்சு வந்தபோது குழந்தை பாட்டியைத்தான் ‘அம்மா’ என்று கூப்பிட்டது.

கவுன்சலர் கேட்டால் மட்டும், ‘பரவால்லீங்க மேடம், இங்க வந்தா நிம்மதியா இருக்குதுங்க’ என்பாள். மரியாதைக்காகச் சொன்னது. அவர் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. கவுன்சலிங்கை நிறுத்தினாள். ‘பால் குடிக்கிற புள்ளைக்கு ஆகுமா கண்ணு, அந்த மாத்திரையை எதுக்கு முழுங்கற’ என்று பெரியவர்கள் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாத்திரையையும் நிறுத்தினாள். டாக்டரைக் கேட்கவில்லை. சில வாரங்களில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. ‘நான் இல்லீன்னா கொழந்தை பத்திரமா இருக்கும்க்கா’ என்று போனில் சொன்னாள். அக்கா அன்று ராத்திரியே பஸ் ஏறினாள். ஏறியதால்தான் இன்று அந்தப் பெண் இருக்கிறாள்.

அவளுக்கு இருந்தது ஓ.சி.டி. எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு இந்த வடிவத்தில் அது வருவது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இந்த நோயில் ஆறுதல் மருந்தாகாது, தீனியாகிவிடும். ‘செய்ய மாட்டீங்க’ என்று கேட்டதும் பயம் இறங்குகிறது. அந்த நிம்மதி தீர்ந்ததும் மறுபடி சந்தேகம் கிளம்புகிறது. மறுபடி கேட்கத் தோன்றுகிறது. சுத்தம் பற்றிய பயத்தில் ஒருவர் நூறு முறை கை கழுவுவதும் இவள் நூறு முறை கேட்பதும் ஒன்றேதான்.

இதற்கென்று தனி வழி இருக்கிறது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-ல் எழுதி வெளியிட்ட வழி. பயப்படும் சூழ்நிலைக்குள் மெல்ல மெல்லப் போக வைப்பார்கள். பயத்தைத் தணிக்கச் செய்யும் காரியத்தை, கழுவுவதோ கேட்பதோ எதுவானாலும், செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். ஈ.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓ.சி.டி.க்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சு சிகிச்சை அதுதான். இத்தனை காலமாக இருக்கிற ஒரு வழி, பத்து மாசம் கவுன்சலிங் போன பெண்ணின் காதில் ஒருமுறைகூட விழவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு கிடைத்த தெரபிஸ்ட் முதல் நாளே சொல்லிவிட்டாராம்: ‘முதல் சில வாரம் பயம் கூடும். என் மேல கோபம்கூட வரும். ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லவே மாட்டேன்.’ கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காய் நறுக்கச் சொன்னார். யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. அழுதுகொண்டே நறுக்கினாள். மாத்திரையும் மறுபடி ஆரம்பித்தது, பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றதாக டாக்டர் பார்த்து எழுதியது. சில மாசத்தில் குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டினாள்.

சுகமாக இருந்த செஷன்கள் அவளை அமிழ்த்தின. அழ வைத்த செஷன்கள் எழுப்பி நிறுத்தின. அதனால்தான் சொல்கிறேன், செஷனுக்குள் எப்படி இருந்தது என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே உங்கள் வாழ்க்கை நகர்கிறதா? தூங்குகிறீர்களா? வேலைக்குப் போகிறீர்களா? முன்பு செய்ய முடியாத ஒன்றை இப்போது செய்ய முடிகிறதா?

இன்னொன்றையும் சொல்லாமல் நகர எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை பெற்றவள் யாரோ பேசுவது கேட்கிறது என்கிறாளா? குழந்தையிடம் ஏதோ தீயசக்தி இருக்கிறது என்கிறாளா? தூக்கமே தேவைப்படாமல் அலைகிறாளா? நான் சொன்ன கதை அங்கே பொருந்தாது. அது அவசரம். கவுன்சலர், அடுத்த வாரம் என்ற பேச்சே வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழந்தையோடு அவளைத் தனியாக விடாதீர்கள்.

‘நமக்குப் பலன் இல்லைன்னா அவங்களுக்கே தெரியாதா?’ என்று கேட்பீர்கள்.

தெரியாது!

அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு. தெரபிஸ்ட்டுகளிடமே கேட்டார்கள்: ‘உங்களிடம் வருபவர்களில் யார் இன்னும் மோசமாகப் போகிறார்கள்?’ 550 பேரில் மூன்று பேர் என்று கணித்தார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். கணித்த மூன்றில் சரியாக இருந்தது ஒன்றே ஒன்று. படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள், அக்கறை உள்ளவர்கள்தான். எதிரே உட்கார்ந்து நாம் ‘பரவால்லீங்க’ என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆகவே கணக்கு நீங்கள் வையுங்கள். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்பதே கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. தமிழிலும் கிடைக்கிறது, காசு கிடையாது. மொத்தம் 27 மதிப்பெண், அது கூடக் கூட நோய் கடுமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். ஐந்து மதிப்பெண்ணாவது குறைந்தால் அது நல்ல அசைவு என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஓ.சி.டி.க்கும் பதற்றத்துக்கும் வேறு வேறு கேள்வித்தாள்கள் உண்டு. உங்கள் தெரபிஸ்ட்டையே கேளுங்கள், கொடுப்பார். பி.எச்.க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாமா என்ற நினைப்பைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எதைக் குறித்தாலும் அடுத்த செஷன் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரபிஸ்ட்டைப் பிடிக்க முடியாவிட்டால் டெலி மனஸ் உதவி எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், இலவசம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையம் ஸ்நேகா இருக்கிறது: 044-24640050.

எத்தனை நாள் பொறுக்கலாம்? மனித மனசுக்கு ஒரே தேதி குறிக்க முடியாது. ஆனால் ஒரு மதிப்பீடு இருக்கிறது. கென்னத் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1986-ல் வெளியிட்ட கணக்குப்படி, எட்டு செஷன்களுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்துவிடுகிறது. 26 செஷன்களில் முக்கால்வாசிப் பேருக்கு. சிறு வயதுக் கொடுமை, பல வருஷத்து நோய் என்றால் இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும், அது நியாயம். ஆனால் எட்டு, பத்து செஷன் தாண்டியும் இம்மிகூட அசையவில்லை என்றால், அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பேசாமல் பதினோராவது செஷனுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சில அறிகுறிகள் சத்தமில்லாமல் வரும். நாம் கவனிக்கவே மாட்டோம்.

எதற்காகப் போகிறோம் என்றே உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை, எதை நோக்கிப் போகிறோம் என்றும் பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறீர்கள், அவர் ‘ம்’ கொட்டுகிறார், ஒரு மணி நேரம் முடிகிறது. இது பெரிய ஆபத்து. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-லேயே சொன்னார்: சிகிச்சை உறவு நிற்பதற்கு மூன்று வேண்டும். இலக்கு என்ன என்பதில் இருவரும் ஒத்துப்போக வேண்டும், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதிலும் ஒத்துப்போக வேண்டும், இருவருக்கும் நடுவே நம்பிக்கைப் பிணைப்பு வேண்டும். நம் ஊரில் மூன்றாவது இருந்தாலே போதும் என்று இருந்துவிடுகிறோம்.

உங்களைவிட அவர் அதிகம் பேசுகிறார். தன் கதை, தன் பிள்ளைகள், தான் ஜெயித்த விதம். அல்லது வாராவாரம் அதே வாசகம்: ‘பாசிட்டிவ்வா இருங்க, நல்லதையே நினைங்க.’ உங்கள் அம்மா சொல்லாததையா அவர் சொல்லிவிட்டார்?

போன வாரம் சொன்னது அவருக்கு நினைவில்லை. மகள் என்று சொன்னதை மகன் என்கிறார். ஒருமுறை என்றால் மறதி. ஒவ்வொரு முறையும் என்றால் நீங்கள் அங்கே இல்லவே இல்லை!

சின்ன முடிவுக்கும் அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போவதா, வேண்டாமா என்பது வரைக்கும். சிகிச்சை உங்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்க வேண்டும். நாளாக நாளாக அவரைத் தாங்கித்தான் நிற்க முடிகிறது என்றால் எங்கோ தப்பு நடக்கிறது.

அவரிடம் பொய் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். அவர் வருத்தப்படக் கூடாதே என்று ‘நல்லா இருக்கேன்’ என்கிறீர்கள். முக்கியமானதை மறைக்கிறீர்கள். இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில் எந்த முறையும் வேலை செய்யாது.

உடம்பைப் பற்றி ஒருவரும் கேட்கவே இல்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் சோர்வு வரும், அழுகை வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. ரத்தசோகையும் பி12 குறைபாடும் அப்படித்தான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியவேண்டியதை ஒரு வருஷம் பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் ‘பேசிப் பாருங்கள்’ ரகம். இனி சொல்வது ‘எழுந்து வந்துவிடுங்கள்’ ரகம். பேச்சே வேண்டாம். விளக்கம் கேட்க வேண்டாம். வாய்ப்புக் கொடுக்க வேண்டாம்.

தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார், உங்கள் அழகைப் பேசுகிறார், வெளியே சந்திக்கலாம் என்கிறார். இது காதல் கிடையாது, சுரண்டல். நீங்கள் சம்மதித்திருந்தாலும் தப்பு அவருடையதுதான். கடன் கேட்கிறார், சீட்டில் சேரச் சொல்கிறார், தன் பொருளை விற்கிறார். எழுந்து வாருங்கள்.

நீங்கள் சொன்ன ரகசியம் உங்கள் கணவர் வாயிலிருந்தோ மாமியார் வாயிலிருந்தோ வருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-வது பிரிவில் ரகசியம் காக்கப்படுவதை உங்கள் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. ‘வீட்டுக்காரர்தானே ஃபீஸ் கட்டுறார்’ என்பது அந்த விலக்கில் சேராது.

டாக்டராக இல்லாதவர், ‘மாத்திரையை நிறுத்துங்க, நான் பேசியே சரிபண்றேன்’ என்கிறார். ஓடி வந்துவிடுங்கள்! பரிகாரம் செய்தால் போகும் என்கிறாரா, அங்கும் அதேதான்.

தன்பாலீர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்கிறார். பெற்றோர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். மாற்ற அது நோயே கிடையாது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய ‘மாற்று’ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் இதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. பிள்ளையை அங்கே கூட்டிப்போய் இழந்துவிடாதீர்கள்.

‘என்னை விட்டுப் போனா இன்னும் மோசமாயிடுவீங்க’ என்று பயமுறுத்துகிறார். இந்த ஒரு வாக்கியம் போதும், கிளம்புவதற்கு.

பெயர்ப்பலகையிலும் உஷார்! மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். ‘கவுன்சலர்’, ‘தெரபிஸ்ட்’, ‘லைஃப் கோச்’ என்ற பலகைகளை மட்டும் பார்த்து அவர் இரண்டு வருஷம் படித்தாரா, இரண்டு வாரம் படித்தாரா என்று உங்களால் சொல்ல முடியாது. கேளுங்கள். என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள், என் மாதிரிப் பிரச்சினை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒழுங்காகப் படித்தவர் கோபிக்க மாட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே ஆளை மாற்றிவிடாதீர்கள். அதுவும் ஆபத்துதான்.

செஷன் முடிந்து வந்து அழுவது கெட்ட அறிகுறி ஆகாது. நீங்கள் பல வருஷமாகத் தவிர்த்துவந்த கேள்வியை அவர் கேட்டிருக்கலாம். அவர் மேல் எரிச்சல் வருகிறதா? ராத்திரி மெசேஜுக்குப் பதில் போட மாட்டேன் என்று அவர் எல்லை வகுத்திருக்கலாம், அது உங்கள் நன்மைக்காகவும் இருக்கலாம். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியை ஒருநாள்கூடச் செய்யாமல் ‘பலன் இல்லை’ என்று சொல்வதும் நியாயமில்லை, கண்ணுகளா. குறிப்பாக, இது நீங்கள் மாற்றும் நாலாவது தெரபிஸ்ட் என்றால், நாலு பேரிடமும் எந்த இடத்தில் எழுந்து வந்தீர்கள் என்று யோசியுங்கள். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தபோதா? குடியைப் பற்றிக் கேட்டபோதா? ஒவ்வொரு முறையும் அதே இடம் என்றால் ஐந்தாவது ஆளிடமும் அங்கேதான் எழுந்திருப்பீர்கள். அதை இப்போது இருப்பவரிடமே சொல்லிவிடுவது நல்லது.

சொல்வதுதான் கஷ்டம், தெரிகிறது. நமக்கெல்லாம் டாக்டர் முன்னால் எழுந்து நின்று பழக்கம். ‘உங்க வைத்தியம் பலிக்கலை’ என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்ல வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: ‘மேடம், இங்க பேசும்போது நல்லா இருக்கு. ஆனா வீட்டுல எதுவும் மாறலை. நாம வேற மாதிரி ஏதாவது செய்யணுமா?’ வாய் வரவில்லையா, எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள். செஷன் தொடங்கியதும் கொடுங்கள். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னால் அவருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது.

பிறகு அவர் முகத்தைப் பாருங்கள்.

நல்லவர் என்றால் நிமிர்ந்து உட்காருவார். ‘சொன்னது ரொம்ப நல்லது, எது உதவலை?’ என்று கேட்பார். முறையை மாற்றுவார், அல்லது ‘இந்தப் பிரச்சினைக்கு என்னைவிட இவர் பொருத்தம்’ என்று அவரே ஒருவரைச் சொல்வார். ஜெரமி சஃப்ரான் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்தது இதைத்தான்: சிகிச்சை உறவில் விரிசல் வருவது சகஜம். அதை வெளிப்படையாகப் பேசிச் சரிசெய்தால் சிகிச்சை முன்பைவிட நன்றாக நகரக்கூடும். ஆகவே இந்த ஒரு பேச்சே உங்களுக்கு மருந்தாகலாம். மாறாக, அவர் கோபப்பட்டால், ‘நீங்க ஒத்துழைக்கலை’ என்று பழியை உங்கள் மேல் போட்டால், சிரித்து மழுப்பினால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பேசிய பிறகு மூன்று நாலு செஷன் பாருங்கள். அதே பல்லவி என்றால் கிளம்புங்கள்.

கிளம்பும்போதுதான் கொங்குப் பெண் விழுந்த பள்ளம் இருக்கிறது. மாறலாம். நடுவில் நிற்கக் கூடாது. புதியவரிடம் நேரம் வாங்கிய பிறகே பழையவரிடம் விடைபெறுங்கள். மாத்திரை இருந்தால் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், அது வேறு கணக்கு. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு, பழைய நோய் திரும்புவது எல்லாம் நடக்கலாம். குறைப்பதானாலும் எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு. நேரில் கேட்கக் கூச்சமென்றால் எழுத்தில் கேளுங்கள்.

‘எங்க ஊருல இருக்கறதே ஒருத்தர்தான், அவரும் சொந்தக்காரர்’ என்பவர்களே, போனிலும் வீடியோவிலும் பார்க்கும் தெரபிஸ்ட்டுகள் இன்று நிறைய. காசு இடிக்கிறது என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில் வீட்டோடு இருந்துவிடாதீர்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்!

புதியவரிடம் போகும் முன் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை செஷன், எது கொஞ்சம் உதவியது, எது உதவவே இல்லை. முதல் செஷன் முழுக்கப் பழையவரைத் திட்டித் தீர்த்துவிடாதீர்கள், உங்கள் காசும் நேரமும் அதிலேயே போய்விடும். முடியும் முன் இந்த நாலையும் கேளுங்கள்: எனக்கு என்ன பிரச்சினை என்று நினைக்கிறீர்கள்? என்ன முறையில் சிகிச்சை செய்வீர்கள்? ஏறக்குறைய எத்தனை வாரம்? பலன் தருகிறது என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வோம்? முதல் நாளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முடியாது என்றால் மூன்றாவது செஷனில் மறுபடி கேளுங்கள். அவர் சொல்வதை அதே தாளின் பின்பக்கத்தில், தேதி போட்டு, அவர் கண்ணெதிரே எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன வாரம் வரும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசை மேல் வையுங்கள்.